படகில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வீர்கள்?

கரையில் இருந்தால் ஆசாரியைக் கூப்பிடலாம். சுற்றிலும் அட்லாண்டிக் கடல், படகில் நீங்கள் ஒருவர் மட்டும், யாரிடமும் உதவி வாங்கக் கூடாது என்று விதி வேறு. அப்போது? 1968-ல் இதே சிக்கலில் மாட்டிய இரண்டு பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இரண்டு பேருக்குமே நம் நாட்டோடு தொடர்பு உண்டு என்பது சுவாரசியம்.

அந்த வருடம் லண்டனின் 'சண்டே டைம்ஸ்' வார இதழ், பாய்மரப் படகில் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டியை அறிவித்தது. கிளம்பியவர்கள் ஒன்பது பேர். முடித்தவர் ஒரே ஒருவர், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 32 அடிப் படகு 'சுஹைலி' நம் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது.

1968 ஜூன் 14-ல் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். சில வாரங்களிலேயே படகுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பம்பு அடித்தே கை ஓய்ந்தது. கேப் வெர்டே தீவுகளுக்குத் தெற்கே கடல் அமைதியானதும் குதித்துப் பார்த்தார். அடிக்கட்டையும் பலகையும் சேரும் இடத்தில், இரு பக்கமும் பல அடி நீளத்துக்கு இடுக்கு விட்டிருந்தது. படகு ஆடும்போதெல்லாம் அது திறந்து மூடியது.

மரப்படகு இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைப்பதைக் கலப்பற்று என்பார்கள். காய்ந்த தரையில் செய்ய வேண்டிய வேலை! மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் செய்தால் பஞ்சு நிற்குமா? நிற்கவில்லை. யோசித்தார். பஞ்சை ஒரு கான்வாஸ் பட்டையில் வைத்துத் தைத்து, தார் பூசி, செப்பு ஆணிகளை முன்கூட்டியே குத்தி வைத்துக்கொண்டு இறங்கினார். பட்டையை இடுக்கின் மேல் வைத்து அறைந்தார். அது பிய்ந்து போகாமலிருக்க மேலே செப்புத் தகடும் அடித்தார். தகடு ஏது? ரேடியோ பொருத்த வந்தவர்கள் விட்டுப்போன மிச்சம்! நடுவில் ஒரு சுறா வந்து வட்டமிட, மேலேறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். கசிவு பெருமளவு நின்றது. 312 நாட்கள் கழித்து, 1969 ஏப்ரல் 22-ல் ஊர் திரும்பினார்.

இரண்டாமவர் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். 1932-ல் காசியாபாத்தில் பிறந்தவர். அவசர அவசரமாகக் கட்டிய மூவுடல் படகில், கிளம்ப அனுமதித்த கடைசி நாளான அக்டோபர் 31-ல் புறப்பட்டார். சில நாட்களில் மூடிகள் வழியே நீர் புகுந்தது, ஜெனரேட்டர் நனைந்தது. தண்ணீரை இறைக்க வேண்டிய பம்பின் குழாய் கரையிலேயே தங்கிவிட்டது! வாளியால்தான் இறைக்க வேண்டும். பக்கவாட்டு மிதவை பிளந்தபோது சரிசெய்யப் பலகையும் திருகாணியும் இல்லை. 1969 மார்ச்சில் விதியை மீறி, ரகசியமாக அர்ஜெண்டினாவில் கரை ஒதுங்கிப் பழுது பார்த்தார்.

திரும்பி வந்திருக்கலாமே என்று தோன்றும். வந்தால் ஒப்பந்தப்படி படகைத் தானே விலைக்கு வாங்க வேண்டும். அதாவது திவால். மனைவி, நான்கு குழந்தைகள். எனவே உலகைச் சுற்றுவதாகப் பொய்யான தகவல்களை அனுப்பினார். அவர் நெருங்கிவிட்டார் என்று நம்பிய நைஜல் டெட்லி, ஏற்கனவே அடிபட்ட தன் படகை விரட்டி ஓட்ட, அது மே மாதம் உடைந்து மூழ்கியது. நல்லவேளை, டெட்லி காப்பாற்றப்பட்டார். ஜூலை 10 அன்று க்ரோஹர்ஸ்டின் படகு ஆளில்லாமல் மிதந்தபடி கிடைத்தது.

ஒருவர் வீரர், மற்றவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் பம்பாயிலிருந்து இங்கிலாந்து வரை அதே படகை ஓட்டி வந்தவர். அதன் ஒவ்வொரு பலகையும் அவருக்குத் தெரியும். க்ரோஹர்ஸ்டுக்குத் தன் படகோடு பழகவே நேரம் கிடைக்கவில்லை. ஓட்டையை அடைக்கத் துணிச்சல் மட்டும் போதாது, கையில் ஒரு துண்டுத் தகடாவது வேண்டும். "ஓட்டை இருக்கிறது, திரும்பி வருகிறேன்" என்று சொல்ல வழியும் வேண்டும். அந்த வழியைக் கடன் அடைத்துவிட்டது.

பரிசுத் தொகை 5,000 பவுண்டு. நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதை அப்படியே க்ரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்தார். அந்த மனிதரின் நிலைமை கடலில் தனியாக இருந்த இன்னொருவருக்குத்தானே புரியும்!