யோசெமிற்றிப் பூங்காவும் வெளிக்களக் கல்வியும்

மாணாக்கரை வகுப்பறையினின்றும் வெளியே அழைத்துச் சென்று, மலையையும் மரத்தையும் ஆற்றையும் நேரிற் காட்டிக் கற்பித்தல் நன்று என்பதில் ஆசிரியரிடையே கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும், பள்ளிகள் ஆண்டுதோறும் நடத்தும் சுற்றுலாக்களை நோக்குமிடத்து, அவற்றுட் பல வண்டியேறலும் உணவருந்தலும் படம் எடுத்தலுமாகவே முடிவதைக் காண்கிறோம். கண்ட பொருள்களின் தொகை பெருகுகின்றது. கற்ற பொருளின் தொகை அவ்வாறு பெருகுவதில்லை. ஓரிடம் கல்விக்குரிய களமாவது எதனால்? அவ்விடத்தின் அழகினாலா, அன்றி அங்கு நின்று கற்பிப்பாரின் திறத்தினாலா? இவ்வினாவுக்கு விடை காண அமெரிக்க ஐக்கிய நாட்டின் யோசெமிற்றித் தேசியப் பூங்காவின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

பூங்கா எனப்படினும் அது செடி நட்டு வளர்த்த தோட்டமன்று. கலிபோர்ணியா மாநிலத்துச் சியெறா நெவாடா மலைத்தொடரிலே, செங்குத்தான கருங்கற் பாறைகளும் அருவிகளும் பெருங்காடுகளும் கொண்ட இயற்கைப் பெருநிலம் அது. அதன் நடுவே ஏறத்தாழ ஏழு மைல் நீளமான பள்ளத்தாக்கு ஒன்று உளது. அங்கு வீழும் யோசெமிற்றி அருவியின் மொத்த உயரம் 2,425 அடி. 1864ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட சட்டம், இப்பள்ளத்தாக்கையும் மாரிப்போசாத் தோப்பிலுள்ள செக்குவோயாப் பெருமரங்களையும் பொதுமக்களின் பயனுக்கென ஒதுக்கி, மாநிலத்தின் காவலில் விட்டது. 1890இல் சூழவிருந்த நிலம் தேசியப் பூங்காவாயிற்று. 1906இல் பள்ளத்தாக்கும் தோப்பும் அதனோடு இணைக்கப்பட்டன.

இந்நிலம் தன்னை ஆராய்ந்தவர்க்குப் பாடம் புகட்டிய வகையை முதலில் நோக்குவோம். பள்ளத்தாக்கின் அடித்தளம் பேரதிர்ச்சி ஒன்றினாற் கீழே அமிழ்ந்தமையாலேயே அது தோன்றிற்று என மாநிலத்தின் புவிச்சரிதவியலாளர் யோசையா விற்னி கூறினார். 1869இல் ஆட்டுமந்தையோடு அம்மலைகளுக்குச் சென்ற ஜோன் மியூர், பின்னர் மரமரியும் ஆலையிலும் வேலை செய்தார். ஓய்வு நேரமெல்லாம் பாறைகளின்மேல் நடந்து, பனிக்கட்டியாறுகள் உராய்ந்த கீறல்களையும் மெருகேறிய கல்முகங்களையும் கண்டு, பள்ளத்தாக்கைச் செதுக்கியவை பனிக்கட்டியாறுகளே என 1871இல் எழுதினார். பதவியிலிருந்த அறிஞர் அவரை எள்ளினர். 1930இல் பிரான்சுவா மத்தேசு வெளியிட்ட விரிவான ஆய்வு, மியூர் சில இடங்களில் மிகைபடக் கூறினாரெனினும் அடிப்படையில் அவர் கூற்றே சரியெனக் காட்டிற்று. கற்பாறை இருவர்க்கும் பொதுவாகவே இருந்தது. அதன் கீறலைக் குனிந்து நோக்கி வினவியவருக்கே அது விடையளித்தது.

எனினும் பூங்காவுக்கு வந்த பெருங்கூட்டம் வினவ வரவில்லை, வியக்கவே வந்தது. அவர்களை மகிழ்விக்கப் பல காட்சிகள் அமைக்கப்பட்டன. 1881இல் உயிருள்ள ஒரு செக்குவோயாவின் அடியைக் குடைந்து, வண்டிகள் உள்ளே செல்ல வழி செய்தனர். அம்மரம் 1969இல் வீழ்ந்தது. கோடையிரவுகளிலே கிளேசியர் முனையின் உச்சியிலிருந்து தணற்குவியலைக் கீழே தள்ளி, நெருப்பருவி எனக் காட்டினர்; இவ்வழக்கம் 1968 வரை நீடித்தது. குப்பை உண்ண வரும் கரடிகளை மின்னொளியிற் காட்டுவதும் ஒருகாலத்தில் நடைபெற்றது. இவற்றைக் கண்டோர் வியந்தனர் என்பது மெய்யே. ஆனால் மரத்தைப் பற்றியோ பாறையைப் பற்றியோ கரடியைப் பற்றியோ அவர்கள் அறிந்தது மிகச் சிறிது.

இந்நிலை மாறத் தொடங்கியது தேசியப் பூங்காச் சேவை 1916இல் நிறுவப்பட்ட பின்னராகும். உள்நாட்டமைச்சர் பிராங்கிளின் லேன் 1918இல் அதன் முதற் பணிப்பாளர் ஸ்ரீபன் மேதருக்கு எழுதிய கொள்கைக் கடிதம், பூங்காக்களிற் பொழுதுபோக்கோடு கல்வியும் ஊக்கப்படவேண்டுமெனவும், உயர்பள்ளி, பல்கலைக்கழக அறிவியல் வகுப்புகளுக்கு அங்கு வசதிகள் கிடைக்குமெனவும் குறிப்பிட்டது. 1919இல் தாஹோ ஏரிப் பகுதியில் லோய் மில்லர் என்னும் உயிரியற் பேராசிரியர் இயற்கை நடைகளும் விரிவுரைகளும் நிகழ்த்தினார். பறவைகளின் குரலைத் தாமே எழுப்பிக்காட்ட வல்லவர் அவர். விடுமுறைக்கு வந்தோர் அவரைச் சூழ்ந்து கேட்டதை மேதர் நேரிற் கண்டார். அடுத்த ஆண்டே மில்லரும் ஹரோல்ட் பிறையன்றும் யோசெமிற்றிக்கு அழைக்கப்பட, கட்டணமற்ற இயற்கை வழிகாட்டற் சேவை அங்கு தொடங்கிற்று.

இதன் பின் வளர்ச்சி விரைந்தது. 1921இல் எனிட் மைக்கேல் என்னும் பெண்மணி வழிகாட்டியாக நியமனம் பெற்றார். 1925இல் பிறையன்ற் தொடங்கிய கள இயற்கைவரலாற்றுப் பள்ளி, கோடையில் ஏழு வாரம் பயிற்சியளித்தது. வழிகாட்டிகளை உருவாக்கிய அப்பள்ளி 1953 வரை பணியாற்றிற்று. 1926இல் நூதனசாலை திறக்கப்பட்டது. 1930இற் சிறுவர்க்கெனத் தனியாக இயற்கைப் பள்ளியும் எழுந்தது. இவ்வரிசையில் ஆசிரியர்கள் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. மாணாக்கரை அழைப்பதற்கு முன்னரே கற்பிப்பாரைப் பயிற்றுவதற்கு அங்கு வழி செய்யப்பட்டது.

நிற்க. வழிகாட்டி வந்துவிட்டமையாற் கல்வி நிறைவுற்றது எனக் கூறலாமோ? கூறவியலாது. வழிகாட்டி காட்டுவதையே மாணாக்கர் காண்பர். அவர் காட்டாது விடுவது கண்முன் இருப்பினும் மறைந்தே கிடக்கும். யோசெமிற்றியில் இவ்வாறு நெடுங்காலம் மறைந்து கிடந்தவை இரண்டு: ஒன்று தீ, மற்றொன்று மனிதர்.

காட்டுத்தீ முற்றிலும் பகை, அதனை எங்கும் அணைக்கவேண்டும் என்பதே பூங்காக்களின் கொள்கையாக இருந்தது. வந்தோர்க்கும் அதுவே போதிக்கப்பட்டது. ஆனால் செக்குவோயாத் தோப்புகளிற் பெருமரங்கள் ஓங்கி நிற்க, அவற்றின் கீழே இளங்கன்றுகள் அருகின. றிச்சட் ஹாற்ஸ்பெல்ற் முதலிய ஆய்வாளர் காரணத்தை ஆராய்ந்தனர். அம்மரத்தின் சிறிய கூம்புக்காய்கள் வெப்பத்தால் உலர்ந்து விரியும்போது விதைகள் மிகுதியாக உதிர்கின்றன. அவை வேர்கொள்ளச் சருகு நீங்கிய வெறுமண் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே அளிப்பது தாழ எரியும் தீயேயாகும். 1963இல் வெளிவந்த லியோபோல்ட் அறிக்கையும் தீயை அறவே விலக்கியமையின் விளைவுகளைச் சுட்டிற்று. 1970இல் யோசெமிற்றியில் திட்டமிட்டுத் தீயிடல் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு யூலையில் வோஷ்பேண் காட்டுத்தீ மாரிப்போசாத் தோப்பை நெருங்கியபோது, முன்னர்த் திட்டமிட்டு எரித்துவந்தமை அதனைக் காத்தற்குப் பெருந்துணையாயிற்று. ஒரு தலைமுறை மாணாக்கர் கற்ற பாடத்தை அடுத்த தலைமுறைக்கு மாற்றவேண்டியதாயிற்று. மாற்றுதற்குரிய சான்று தோப்பின் மண்ணிலேயே இருந்தது.

இனி, மனிதரைப் பற்றியது. யோசெமிற்றி மனிதர் அடி படாத காடு என்பது பலர் மனத்திற் பதிந்த எண்ணம். உண்மை வேறு. அவானீச்சி மக்கள் அங்கு வாழ்ந்து, கருவாலிக் கொட்டைகளை இடித்து மாவாக்கி, நீர்விட்டுக் கைப்பு நீக்கி உண்டனர். தீயிட்டுப் புல்வெளிகளையும் கருவாலித் தோப்புகளையும் பேணினர். 1851இல் மாரிப்போசாப் படைப்பிரிவு அவர்களை வெளியேற்ற உட்புகுந்தது. அப்படையினர் ஓர் ஏரிக்கு அம்மக்களின் தலைவர் தெனாயாவின் பெயரைச் சூட்டியபோது, அதற்கு முன்னரே பெயருண்டு என அவர் மறுத்துரைத்ததாக அப்படையில் இருந்த பணல் என்பவரே எழுதிவைத்துள்ளார். இன்றும் அது தெனாயா ஏரி என்றே வழங்குகின்றது. பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த அம்மக்களின் குடியிருப்பும் 1969இல் அகற்றப்பட்டது.

ஆயினும் அவர்தம் அறிவு முற்றும் அழியவில்லை. லூசி ரெலிஸ் முதலிய பெண்கள் நூதனசாலையை அண்டி அமர்ந்து, கூடை முடைதலையும் கொட்டை இடித்தலையும் வந்தோர்க்குச் செய்துகாட்டினர். 1960 முதல் ஜூலியா பாக்கர் அப்பணியைத் தொடர்ந்தார். பாறையையும் பறவையையும் கற்கவந்த சிறுவர் இவர்கள்முன் அமர்ந்தபோது, இந்நிலத்துக்கு உரியோர் உண்டு என்பதையும் கற்றனர். அதனைக் கல்லாது திரும்பிய மாணாக்கன் யோசெமிற்றியின் பாதியையே கண்டவனாவான்.

பள்ளி மாணாக்கர் வகுப்பு வகுப்பாக வந்து தங்கிக் கற்கும் முறை 1971இல் யோசெமிற்றி நிறுவனம் தோன்றியபின் உறுதிபெற்றது. பின்னாளில் நேச்சர்பிறிட்ஜ் எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தின் முறை எளியது: மாணாக்கர் பல நாள் பூங்காவிலேயே தங்குவர், சிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு ஓர் ஆசிரியருடன் நடப்பர், நடக்கும் வழியே பாடமாகும். 2015இல் நான்காம் வகுப்பு மாணாக்கர் குடும்பத்தோடு தேசியப் பூங்காக்களுக்குக் கட்டணமின்றிச் செல்லும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. நல்ல திட்டமே. ஆனால் வாயிற்கட்டணம் நீங்கினும் வண்டிக்கட்டணம் நீங்காது. வறிய பள்ளியின் பிள்ளை பூங்காவின் வாயிலை அடைவதற்கே துணை வேண்டும். பொதுமக்களுக்கென 1864இல் எழுதப்பட்ட சட்டம் அப்பிள்ளையும் உள்ளே கால்வைக்கும்போதே பொருள் நிறைவுறும்.

இவ்வரலாற்றினாற் பெறப்படுவன மூன்று. காட்சி தானே கல்வியாகாது. வினவக் கற்பிக்கும் வழிகாட்டி வேண்டும். ஒரு பகற்பொழுதில் ஓடிப் பார்க்கும் பத்திடங்களிலும், நின்று ஆராயும் ஓரிடம் மேலானது. ஓரிடத்தின் கதையைக் கூறுமிடத்து, அங்கு வாழ்ந்தோரின் கதையையும், முன்னர்க் கற்பித்தது பிழையெனக் கண்டவிடத்து அப்பிழையையும் மறையாது கூறல் வேண்டும். அடுத்த சுற்றுலாவுக்கு நாள் குறிக்கும் ஆசிரியர், எத்தனை இடங்களைக் காட்டலாம் என எண்ணுமுன், எவ்வினாவை மாணாக்கர் கையிற் கொடுத்து அனுப்பலாம் என எண்ணுவாராக. அவ்வினா நன்றாக அமையுமாயின், பயணம் முடிந்த பின்னரும் கல்வி தொடரும்.