கடலில்லா ஊரின் அலைக்கணக்கு

புதுச்சேரியை ஒட்டியிருக்கும் மீனவர் ஊர் வீராம்பட்டினம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது இந்த ஊருக்கும் ஒரு கணினி வந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக்கடலின் அலை உயர முன்கணிப்பு காசில்லாமல் கிடைத்தது. அதை இறக்கி, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் கரை நெடுக ஒலிக்கவிட்டார்கள். தன் போர்க்கப்பல்களுக்காக ஒரு வல்லரசு போட்ட கணக்கு, கட்டுமரம் தள்ளப் போகிறவரின் காதில் விழுந்தது. நம் கடலின் நாளைய அலையை அந்நியக் கடற்படையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1999இல், ஐதராபாத்தில் உருவானது இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம். எல்லோர் வாயிலும் அது ‘இன்காய்ஸ்’. கடலுக்கான நிறுவனத்தைக் கடலில்லாத ஊரில் கொண்டுபோய் வைத்தது யார் புத்தி என்று கேட்காதவர் குறைவு. மிகப் பக்கத்துக் கடலே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் காரணம் இருந்தது. செயற்கைக்கோள் படங்களை வாங்கிப் பிரித்தறியும் தேசியத் தொலையுணர்வு முகமை அதே ஊரில்தான் இருந்தது. கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் படத்தில் பார்த்து, மீன் எங்கே திரளும் என்று இன்ன துறையிலிருந்து இந்தத் திசையில் இத்தனை தூரம் என்ற கணக்கில் சொல்லும் வேலை அங்கேதான் பழகியிருந்தது. பின்னாளில் இஸ்ரோவின் தலைவரான கே. ராதாகிருஷ்ணன், இன்காய்ஸின் தொடக்க ஆண்டுகளில் அதன் இயக்குநராக இருந்தார் என்பதையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். சுனாமிக்குப் பின் 2007 அக்டோபரில் எச்சரிக்கை மையமும் அங்கேயே அமைந்தது. அந்தப் புகழில், 2005 முதல் நாள்தோறும் ஓசையில்லாமல் நடந்துவரும் அலை முன்கணிப்பு கொஞ்சம் மறைந்துவிட்டது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

அலையைக் கணினிக்குள் எப்படி அடைக்கிறார்கள்? ஒவ்வோர் அலையையும் வரைவதில்லை, வரையவும் முடியாது. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பேரேடு திறக்கிறார்கள். அதில் நூற்றுக்கணக்கான பத்திகள். இந்தத் திசையில் போகும் குறுகிய அலைகளிடம் இவ்வளவு ஆற்றல், அந்தத் திசையில் போகும் நெடிய அலைகளிடம் அவ்வளவு என்று பதிவு. காற்று கொடுப்பது வரவு. நுரைத்து உடைந்து போவது செலவு. மூன்றாவதாக ஒன்று உண்டு: அலைகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் கைமாற்று. இந்தக் கைமாற்றால்தான் குறுகிய அலைகளின் ஆற்றல் மெல்ல நெடிய அலைகளுக்குப் போய்ச் சேர்கிறது; புயலுக்குள் அலை வளர்வதன் சூட்சுமமே அதுதான்.

இந்தக் கைமாற்றின் கணக்கை 1960களின் தொடக்கத்தில் எழுதிக்காட்டியவர் ஜெர்மானியரான கிளாஸ் ஹாசல்மான். 1968, 69இல் ஜெர்மனியின் சில்ட் தீவிலிருந்து வடகடலுக்குள் 160 கிலோமீட்டர் நீளத்துக்குக் கருவிகளை வரிசையாக நிறுத்தி, கரையிலிருந்து வீசும் காற்றில் அலை எப்படி வளர்கிறது என்று பல நாட்டு ஆய்வாளர்கள் அளந்தார்கள். கைமாற்றுக் கணக்கு உண்மையென்று அங்கே தெரிந்தது. 2021இல் ஹாசல்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது பருவநிலை ஆய்வுக்காக என்றாலும், அலைக் கணக்கு போடுகிறவர்களுக்கு அவர் முதலில் அலைக்காரர். கைமாற்றையும் சுருக்குவழியில் கணக்கில் சேர்த்து 1988இல் வெளிவந்த ‘வாம்’ என்ற கணினி மாதிரி, அதற்குப் பின் அமெரிக்க வானிலைத் துறையில் வளர்ந்த ‘வேவ்வாட்ச்’, கரையோர ஆழமற்ற நீருக்கென நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் எழுதப்பட்ட ‘ஸ்வான்’ எல்லாம் ஒரே பேரேட்டு முறையின் பிள்ளைகள். இன்காய்ஸ் இவற்றை எடுத்து நம் கடலுக்குப் பழக்கியது.

பழக்குவது எளிய வேலையில்லை. காற்று பத்து சதவீதம் தவறினால் அலை உயரம் ஏறக்குறைய இருபது சதவீதம் தவறும். வளர்ந்த கடலில் உயரம், காற்று வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் வந்த வினை. ஆகவே கணக்கு சரியா என்று கடலிலேயே போய்க் கேட்க வேண்டும். அதற்குத்தான் மிதவை. ஒரு மீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள மஞ்சள் பந்து, உள்ளே முடுக்கத்தை அளக்கும் கருவி. அலையோடு ஏறி இறங்கி, அரை மணிக்கொரு முறை தன் கணக்கைக் கரைக்கு அனுப்பும். புதுச்சேரி, தூத்துக்குடி, கொல்லம், விசாகப்பட்டினம் என்று கரை நெடுக இவை மிதக்கின்றன. மிதக்கும் எதன் நிழலிலும் மீன் கூடும். மீன் கூடும் இடத்தில் வலை விழும். வலை சிக்கினால் சங்கிலி அறும். யாருக்காக மிதக்கிறதோ அவர்கள் கையாலேயே அறுபடும் என்பது இந்த மிதவையின் விதி. மிதவையைக் காப்பாற்றக் கருவியை மாற்றிப் பயனில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல் உயரம் என்ற சொல்லிலேயே இருந்தது. அறிக்கை ‘அலை உயரம் 2 மீட்டர்’ என்று சொல்லும். கடலுக்குப் போய்வந்தவர், “மூணரை மீட்டர் அலை பார்த்தேன், உங்க கணக்கு பொய்” என்பார். இரண்டும் உண்மை. அறிக்கை சொல்வது மிகப் பெரிய மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. இந்த விநோத அளவு இரண்டாம் உலகப் போரில் பிறந்தது. படை இறக்கத்துக்காக அலையைக் கணித்துக்கொண்டிருந்த கடலியலாளர் வால்டர் மங்க், படகோட்டிகள் கண்ணால் மதிப்பிடும் உயரம் தன் சராசரியைவிடப் பெரிதாகவே வருவதைக் கண்டார். அவர்களைத் திருத்தாமல், தன் வரையறையை அவர்கள் கண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். கணக்கு படகோட்டியிடம் இறங்கிவந்த அரிய தருணம் அது. நம் அறிக்கைகளில் அந்த விளக்கம் வெகுகாலம் ஊர்வரை வந்து சேரவில்லை என்பது என் குறை.

இதைவிடப் பெரிய பாடம் 2005 மே மாதத்தில் வந்தது. கேரளக் கரையில், காற்றும் மழையும் இல்லாத நாளில் கடல் ஊருக்குள் ஏறியது. கள்ளன்போலச் சொல்லாமல் வருவதால் அங்குள்ள மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2012இல் யுனெஸ்கோ அந்தப் பெயரையே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. கள்ளன் புறப்பட்ட இடம் நாற்பது பாகைத் தென் அகலாங்குக்கும் அப்பால், தென்பெருங்கடலின் புயல்கள். அங்கே பிறந்து, பெற்ற காற்றை விட்டுப் பிரிந்து வரும் நெடிய அலைகளை ‘ஸ்வெல்’ என்கிறார்கள். ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் 18 விநாடி இடைவெளி என்றால், முகடுகளுக்கு நடுவே அரை கிலோமீட்டர். அந்த அலைக்கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அங்கிருந்து குமரிக்கு 5300 கிலோமீட்டர். நாலு நாலரை நாள் பயணம்.

நடுக்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர். வள்ளத்தில் இருப்பவருக்குத் தொட்டில் ஆட்டியதுபோல. ஆனால் 6 விநாடி அலை 30 மீட்டர் ஆழத்துக்குள் வந்தபிறகே தரையை உணரும். 18 விநாடி அலையோ 250 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கும். குமரிக்காரர்கள் மீன்பிடிக்கும் வாட்ஜ் திட்டிலேயே அதன் போக்கு மாறிவிடும். கரை நெருங்க நெருங்க வேகம் குறையும், முதுகு நிமிரும். நிற்காமல் நீரைத் தள்ளிக்கொண்டே வரும். இந்தக் கள்ளனை உயரத்தால் பிடிக்க முடியாது. விநாடியால்தான் பிடிக்க வேண்டும்.

வங்கக்கடலையும் அரபிக்கடலையும் மட்டும் கட்டத்துக்குள் போட்டு, என்னதான் நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தாலும் இந்த அலை அதில் அகப்படாது. அது பிறந்தது வரைபடத்துக்கு வெளியே. எனவே கணக்கின் எல்லை தெற்கே நீண்டது. உலகம் முழுமைக்கும் பெரிய கட்டம், அதற்குள் இந்தியப் பெருங்கடலுக்கு நடுத்தரக் கட்டம், அதற்குள் கரைக்குச் சிறு கட்டம். எந்தவிதப் புயல் அமைப்பு எத்தனை நாள் கழித்து நம் கரையில் கள்ளக்கடலாகிறது என்று இன்காய்ஸ் ஆய்வாளர்கள் தேடினார்கள். 2020இல் ஸ்வெல் எழுச்சிக்கென்றே தனி முன்னறிவிப்பு தொடங்கியது. 2024 மார்ச் இறுதியில் கேரளக் கரையில் ஏறிய கடலுக்கு, தென் அட்லாண்டிக்கிலிருந்து கிளம்பிய ஒரு தாழ்வழுத்தம்வரை அவர்களால் பின்தொடர முடிந்தது.

கணக்கு இவ்வளவு முன்னேறியும் கடைசிச் சில கிலோமீட்டர் மட்டும் இழுபறி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலுக்குப் போய்விட்ட குமரி மீனவர்களுக்குச் செய்தி எட்ட வழியே இல்லை. கைப்பேசிக் கோபுரத்தின் எல்லை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு சரி. அந்த அனுபவத்துக்குப் பிறகு 2019இல் ‘ஜெமினி’ வந்தது. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கிப் படகில் இருக்கும் கைப்பேசிக்குத் தரும் சிறு பெட்டி. அதற்குக் கேட்கத்தான் தெரியும், பேசத் தெரியாது. படகிலிருந்து ஒரு குரல் கரைக்கு வர வேண்டும் என்ற ஒக்கியில் ஆளை இழந்த வீட்டாரின் கேள்விக்கு அது பாதிப் பதில்தான்.

2024 மே 6. குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்துக்கொண்டது. கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்து மணலில் நின்றவர்களுக்கு வானம் தெளிவாகத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது எச்சரிக்கை வரும் நாட்களில் அதில் உயரத்தோடு விநாடியும் இருக்கிறது. கூடவே, படகுகளை ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள் என்று ஒரு வரியும் வருகிறது. துறையில் அந்த ஒரு வரிக்கு மட்டும் யாரும் விளக்கம் கேட்பதில்லை. எழுந்து கயிற்றைப் பார்க்கப் போகிறார்கள்.