ஊ தாண்ட்: 1962 ஒக்டோபரில் மறக்கப்பட்ட ஒருவர்

கியூபா ஏவுகணை நெருக்கடி பற்றிப் பேசும்போது நமக்கு நினைவுக்கு வருபவர்கள் மூவர்: கென்னடி, குருசேவ், காஸ்ட்ரோ. வெளிநாட்டுச் செய்திகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், அந்தப் பதின்மூன்று நாட்களின் கதையில் நான்காவது பெயர் ஒன்று விடுபட்டுப் போவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். அது பர்மாவைச் சேர்ந்த ஊ தாண்ட்டின் பெயர்.

ஐராவதி ஆற்றின் கழிமுகத்திலுள்ள பந்தநாவ் என்ற சிற்றூரில் பாடசாலைத் தலைமையாசிரியராக இருந்தவர் அவர். 'ஊ' என்பது பர்மிய மரியாதைச் சொல். பெயர் வெறும் தாண்ட் மட்டுமே. 1961 செப்டெம்பரில் டாக் ஹமர்ஷீல்ட் விமான விபத்தில் இறந்தபின், அதே ஆண்டு நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் பதில் செயலாளர் நாயகமானார். இரு வல்லரசுகளும் ஏற்றுக்கொண்ட மனிதர் என்பதே அவருடைய முக்கிய தகுதி. படையில்லை, பணமில்லை. பதவியும் நிரந்தரமாகியிருக்கவில்லை.

1962 ஒக்டோபர் 22 இரவு, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் கென்னடி உலகுக்கு அறிவித்தார். கடல் முற்றுகையும் அறிவிக்கப்பட்டது. முற்றுகை என்றால் சட்டப்படி போர்ச் செயலாகிவிடும் என்பதால், நோய்த் தடுப்புக்குரிய 'தனிமைப்படுத்தல்' என்ற சொல்லை வாஷிங்டன் பயன்படுத்தியது. இராஜதந்திரத்தில் சொற்களுக்கும் சீருடை உண்டு.

24ஆம் திகதி, அணிசேரா நாடுகள் பலவற்றின் வேண்டுகோளை ஏற்று, ஊ தாண்ட் இருவருக்கும் ஒரே வாசகத்தில் செய்தி அனுப்பினார். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஆயுதம் ஏற்றுவதையும், கப்பல்களை மறிப்பதையும் ஒருசேர நிறுத்துங்கள் என்பதே அதன் சாரம். ஏவுகணைகளை அகற்றும்படி அதில் கேட்கப்படாததை வாஷிங்டன் விரும்பவில்லை. ஆக்கிரமிப்பாளனையும் எதிர்ப்பவனையும் ஒரே தட்டில் வைப்பதா என்ற சினம் அங்கே எழுந்தது.

ஆனால் அன்றிரவே, கப்பல்கள் நேருக்கு நேர் மோதிவிடுமோ என்ற அச்சத்தில், அதே வாஷிங்டன் அவரிடம் இரண்டாவது செய்தியொன்றை அனுப்பும்படி தன் தூதுவர் மூலம் கேட்டது. மறுநாள் அவர் குருசேவிடம், மறிக்கப்படும் கடற்பரப்பை விட்டுக் கப்பல்களைச் சிறிது காலம் விலக்கி வைக்கும்படியும், கென்னடியிடம், நேரடி மோதலைத் தவிர்க்க இயன்றதனைத்தையும் செய்யும்படியும் கேட்டார். இருவரும் இணங்கினர்.

சோவியத் கப்பல்கள் சில அதற்கு முன்பே திரும்பத் தொடங்கியிருந்தன என்பது உண்மை. ஆகவே, உலகைக் காப்பாற்றியவர் ஊ தாண்ட் என்று எழுதினால் அது மிகை. 27ஆம் திகதி கியூபாவுக்கு மேலே அமெரிக்க உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோதும், துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்ற இரகசியமாக இணக்கம் காணப்பட்டபோதும் அவருக்கு அதில் பங்கில்லை. எனினும், கென்னடியின் மிரட்டலுக்குப் பணிந்தேன் என்று குருசேவ் சொல்ல முடியாது, ஐ.நா. செயலாளர் நாயகத்தின் வேண்டுகோளை மதித்தேன் என்று சொல்ல முடியும். பின்வாங்குபவனுக்கு மானம் போகாமல் ஒரு வழி தேவைப்பட்டது. அதை அவர் திறந்து கொடுத்தார். அதே ஆண்டு நவம்பர் 30இல் பதவி நிரந்தரமானது.

அவர் எப்போதும் வென்றவருமல்ல. 1967இல் எகிப்து கேட்டவுடன் சினாயிலிருந்து அமைதிப்படையை விலக்கியதற்காக இன்றுவரை விமர்சிக்கப்படுகிறார். அடுத்த சில வாரங்களில் அங்கே போர் மூண்டது.

1974 நவம்பர் 25இல் நியூயோர்க்கில் காலமானார். உடல் ரங்கூனுக்கு வந்தபோது ஜெனரல் நே வின்னின் அரசு அரச மரியாதை எதுவும் வழங்கவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் பேழையைக் கைப்பற்றித் தங்கள் வளாகத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். 1962 ஜூலையில், அதாவது கியூபா நெருக்கடிக்கு மூன்று மாதங்களுக்கு முன், இராணுவம் வெடிவைத்துத் தகர்த்த மாணவர் சங்கக் கட்டிடம் இருந்த இடத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். டிசம்பர் 11 அதிகாலை இராணுவம் உள்ளே நுழைந்து பேழையைத் தோண்டி எடுத்துச் சென்றது. எதிர்த்த மாணவர்கள் பலர் கைதானார்கள். நகரில் கலவரம் மூண்டு, இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அவருடைய கல்லறை இன்று ஷ்வேடகன் பகோடாவுக்கு அருகில் இருக்கிறது.