மூன்று ரூபாயும் ஐம்பத்து நான்கு ஆண்டுகளும்

விருப்ப ஓய்வை நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஒரு தொகையைத்தான். ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்ந்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் எழுதிய ஆய்விலிருந்து அது கிளம்பியது. சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும் என்று பழைய சந்தை நிலவரங்களை வைத்து அவர் காட்டினார். கணக்கில் பிழை காண நான் வரவில்லை. ஆனால் சம்பாதிப்பதை நிறுத்திய ஒருவருக்கு நாளைக்கு யார் சோறு போடுவது என்ற கேள்விக்கு, அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஒரே விடையை வைத்துக்கொண்டு அது தொடங்குகிறது. இராமநாதபுரம் சீமையின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு வேறு விடைகள் இருந்திருக்கின்றன. தனி ஆளின் சேமிப்பு அங்கே ஒருபோதும் முழு விடையாக இருந்ததில்லை.

காரணம் மண்ணிலேயே இருக்கிறது. கரிசலும் செம்மண்ணும் கலந்த மானாவாரிச் சீமை அது. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது மழைக்காலத்துச் சில நாட்கள். மற்றபடி கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கம்பு, சோளம், பருத்தி. இங்கே சேமிப்பென்றால் குதிரில் தானியம், தொழுவில் மாடு, காதிலும் கழுத்திலும் நகை. மூன்றுக்கும் ஒரே பலவீனம். மழை பொய்த்த ஆண்டில் ஊரே ஒன்றாக விற்க வரும். மாட்டின் விலை விழும், நகை அடகுக்குப் போகும், தானிய விலை மட்டும் ஏறும். தேவைப்படும் நாளில்தான் சேமிப்பு தன் மதிப்பை இழக்கும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சம் இதைக் கொடூரமாக உணர்த்தியது. இராமநாதபுரம் சீமையின் குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியதற்கும் இந்த வறட்சிக்கும் உள்ள தொடர்பு எல்லோரும் அறிந்தது.

அந்தப் பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டு, 1879 டிசம்பர் 30 அன்று, திருச்சுழியில் வேங்கடராமன் பிறந்தார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது. தந்தை சுந்தரமையர் பன்னிரண்டு வயதில் மாதம் 2 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்து வேலை பார்க்கத் தொடங்கி, மனு எழுதுபவராகி, வக்கீலாக உயர்ந்தவர். திருமேனிநாதர் கோயிலருகே சொந்த வீடு. அதில் ஒரு பகுதி வருகிற விருந்தினருக்கென்றே இருந்தது. வறண்ட பூமியில் ஒரு தலைமுறைக்குள் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வெற்றி இதுதான் என்று தோன்றுகிறது. 1892-இல் அவர் இறந்தார். வீடு இருந்தும் குடும்பம் அங்கே நிலைக்க முடியவில்லை. மூத்த பையன்கள் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். தாய் அழகம்மாளும் சிறிய பிள்ளைகளும் மானாமதுரையில் இன்னொரு சித்தப்பா நெல்லையப்பையரிடம் போனார்கள். சம்பாதித்தவர் போனபின் குடும்பத்தைத் தாங்கியது அவர் சேர்த்த பொருளைவிட அவருடைய தம்பிமார்தான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1896 ஆகஸ்ட் 29 அன்று, வேங்கடராமன் வீட்டைவிட்டுக் கிளம்பினார். அந்தப் பயணத்தின் வரவுசெலவு நமக்கு அணா சுத்தமாகத் தெரியும். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்ன 5 ரூபாயில் 3 ரூபாயை வைத்துக்கொண்டார். மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு விட்டுவிட்டு, கட்டணம் இன்னும் கட்டவில்லை என்பதையும் தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதையும் எழுதி வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. பழைய நிலப்படத்தைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயிலடி திண்டிவனம் என்று முடிவுசெய்து 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே புதிய பாதை வந்திருப்பதை வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் அறிந்தார். விழுப்புரத்தில் இறங்கியபோது கையில் இரண்டரை அணா. சாப்பாட்டுக் கடைக்காரர் அதை வாங்க மறுத்துச் சோறு போட்டார். அந்தக் காசு மாம்பழப்பட்டு வரைதான் ரயிலுக்குக் கண்டது, பிறகு நடை. கீழூர்க் கோயிலில் குருக்கள் பிரசாதம் தர மறுத்தபோது மேளக்காரர் தன் பங்கைக் கொடுத்தார். மறுநாள் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் உணவும், கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாயும் கிடைத்தன. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்ததும், எஞ்சியிருந்த மூன்று ரூபாய்க்கு மேற்பட்ட காசை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார். அடகுச் சீட்டை அதற்கு முன்பே கிழித்துப் போட்டிருந்தார். அதன்பின் இறந்த நாளான 1950 ஏப்ரல் 14 வரை, ஏறத்தாழ 54 ஆண்டுகள், அந்த மலையையும் அதன் அடிவாரத்தையும் விட்டு வேறெங்கும் போகவில்லை.

துறவை ஓய்வோடு சேர்த்துப் பேசலாமா என்று கேட்பார்கள். பதினாறு வயதில் எந்த வேலையில் இருந்து ஓய்வு? நியாயமான கேள்வி. அவருடைய ஆன்மிக அனுபவத்தை நான் பொருளாதாரமாகச் சுருக்கவில்லை. அது வேறு தளத்தில் நிற்கிறது. ஆனால் உள்ளே நடந்தது எதுவாயினும், உடலுக்குத் தினமும் சோறு வேண்டும். உழைக்கும் வயதில் ஒருவர் சம்பாதிப்பதை விட்டுவிட்டு அரை நூற்றாண்டு வாழ்ந்தார் என்றால், அந்த அரை நூற்றாண்டின் செலவை யாரோ ஏற்றிருக்கிறார்கள். யார் என்பது மேலே உள்ள கணக்கிலேயே தெரிகிறது. அவருடைய பணம் இரண்டு நாளில் தீர்ந்தது. மீதி வழியை நடத்தியது கடைக்காரர், மேளக்காரர், பாகவதர் வீட்டுப் பெண்கள். பிறகு கோயிலின் அபிஷேகப் பால், வீதியில் எடுத்த பிட்சை. மலையிலுள்ள விரூபாட்ச குகையில் உடனிருந்தவர்கள் பிட்சைக்குப் போகும்போது பாடுவதற்காகத்தான் அவருடைய அக்ஷரமணமாலை என்ற பாடலே பிறந்தது. வாசலில் வந்து நிற்பவருக்கு ஒரு கைப்பிடி சோறு போட வேண்டும் என்ற வழக்கம் இல்லாதிருந்தால், துறவுக்கு எத்தனை உறுதி இருந்தும் சில வாரங்களே அது தாங்கியிருக்கும்.

ஆனால் அந்தக் கைப்பிடிச் சோறு எல்லோருக்கும் விழுந்ததா? இந்த வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு இதுதான். வேங்கடராமன் பூணூல் அணிந்த பையன். கோயில் மண்டபத்தில் தங்கவும் பிராமண வீட்டுத் திண்ணையில் ஏறவும் அவரைத் தடுத்தவர் இல்லை. அவர் கிளம்பிய மறு ஆண்டு, 1897-இல், அதே வறண்ட சீமையின் கமுதியில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டபோது இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கு 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. கோயில் வாசலே மூடியிருக்கும்போது கோயில் சோற்றை நம்பி யார் வீட்டைவிட்டுப் போக முடியும்? நாடார்களுக்குக் கீழே வைக்கப்பட்ட மக்களுக்குத் திண்ணைகூட இல்லை. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். என் வாதத்தை அது உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. பொது ஏற்பாட்டிலிருந்து விலக்கப்பட்டவர்களும் தனித்தனிச் சேமிப்பை மட்டும் நம்பவில்லை. தங்களுக்கென்று இன்னொரு பொது ஏற்பாட்டைக் கட்டினார்கள். அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களின் நாடார் வணிகர்கள் பேட்டைகளில் வாங்கி விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் பொதிக்கும் ஒரு சிறு தொகையை மகமையாக, உறவின்முறை என்ற தங்கள் சமூகச் சபைக்குச் செலுத்தினார்கள். கிணறு, பள்ளி, கோயில் எல்லாம் அதிலிருந்து எழுந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டப்பட்டது. காமராஜர் படித்த பள்ளி அது. ஒரு கை அரிசி வாசலில் நிற்பவருக்குப் போனால் பிட்சை, ஊர்ப் பானையில் விழுந்தால் பிடியரிசி. அளவு ஒன்றுதான், பெறுகிறவரைத் தீர்மானிக்கும் விதிதான் வேறு.

பின்னாளில் திருவண்ணாமலையில் எழுந்த ரமணாசிரமத்திலும் இந்தச் சாதிக் கோடு அழியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். உணவுக்கூடத்தில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே தடுப்பு இருந்தது. தனக்கென்று தனியாக எதுவும் பரிமாறுவதை ஏற்காத ரமணர் இரு பகுதியும் காணும்படி அமர்ந்து சாப்பிட்டார்.

வீட்டில் விட்டுவந்தவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 1898-இல் தாய் வந்து அழைத்தும் மகன் வரவில்லை. 1900-இல் மூத்த மகன் நாகசாமி இறந்தார். கணவரும் மூத்த பிள்ளையும் இல்லாத ஒரு விதவைக்கு வீதியில் பிட்சை எடுக்கும் சுதந்திரத்தை அந்தச் சமூகம் கொடுக்கவில்லை. ஆணின் துறவைச் சாத்தியமாக்கிய ஏற்பாடு பெண்ணை உறவினர் வீட்டுக் கூடத்திலேயே நிறுத்தியது. 1916-இல் அழகம்மாள் மகனிடமே வந்து தங்கினார். அதன்பிறகு மலைமேல் அவர்கள் தங்கிய ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு எரிந்தது. பிட்சையில் வந்ததை உண்டு வாழ்ந்த இடத்தில் அவர் சமைக்கத் தொடங்கினார். 1922 மே 19 அன்று அவர் காலமானபின் சமாதியைச் சுற்றி எழுந்ததே இன்றைய ஆசிரமம். அதன் சமையலறையில் விடியுமுன் எழுந்து காய் நறுக்கியவர்களில் ரமணரும் ஒருவர். சம்பாதிப்பதை விட்டவர் வேலையை விடவில்லை.

இடம் வந்தால் சொத்து வரும், சொத்து வந்தால் வழக்கு வரும். 1930-களில் ஆசிரம நிர்வாகம் தனக்கே உரியது என்று பழைய தொண்டர் ஒருவர் நீதிமன்றம் போனார். அதற்காக 1936-இல் ரமணர் சாட்சியம் சொல்ல வேண்டியிருந்தது. 1938-இல், குளத்தில் காசை எறிந்த அதே மனிதர் ஓர் உயிலை எழுதவைத்தார். தன்னை நம்பி வந்து உண்பவர்களுக்குத் தனக்குப் பின்னும் இடம் இருக்க வேண்டுமே. நிர்வாகப் பொறுப்பு நிரஞ்சனானந்த சுவாமிக்கும் அவருக்குப் பின் அவருடைய வழியினருக்கும் என்றது அந்த உயில். திருச்சுழி வீடு கலைந்தபோது தாயோடு மானாமதுரைக்குப் போன கடைசித் தம்பி நாகசுந்தரம்தான் அந்த நிரஞ்சனானந்தர்.