அம்மாயி மேல குத்தம் இல்லை

எங்க அம்மாயி ஆறு தடவை முழுகாம இருந்தாங்க. பேர் வைச்சு வளர்த்தது அஞ்சு பிள்ளைகளை. ஒண்ணு 1974ல மூணாம் மாசத்துலயே கலைஞ்சு போச்சு. ஹட்டனுக்குப் பக்கத்துல ஒரு தோட்டம், மழைக்காலம். கொழுந்துக் கூடையோட மலையில இறங்கும்போது கால் வழுக்கி உக்காந்துட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு ரத்தம் பட்டுச்சு. "அன்னைக்கு வேலைக்குப் போகாம இருந்திருந்தா அந்தப் புள்ள தங்கியிருக்கும்" என்று இன்னைக்கும் சொல்லுவாங்க. ஐம்பது வருஷம் தாண்டிருச்சு.

லயத்துல மத்தவங்க வேற வேற காரணம் சொன்னாங்களாம். பப்பாளி சாப்பிட்டது, உச்சி நேரத்துல ஆத்துப் பக்கம் போனது, முனி அடிச்சது. காரணம் எதுவா இருந்தாலும் அது அம்மாயி செஞ்ச தப்பாத்தான் இருந்துச்சு. நாங்க வரலாறு படிக்கிறவங்க. அதனால இந்தக் கதையை வரலாற்றுக்குள்ள வைச்சுப் பார்க்கலாம்னு நினைச்சோம்.

மலையகத்துக்கு எங்க ஆட்கள் முதல்ல வந்தது கோப்பிக்கு. 1820களில் தொடங்கி, மன்னார்ல இறங்கி மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில நடந்து வந்தாங்க. கோப்பிக்குப் பழம் பறிக்கிற காலம்தான் முக்கியம், பலர் வேலை முடிஞ்சு ஊருக்குத் திரும்பினாங்க. 1867ல லூல்கந்துரையில ஜேம்ஸ் டெயிலர் தேயிலை போட்டார். 1869ல வந்த இலை நோய் கோப்பியை அழிக்க, மலையெல்லாம் தேயிலை ஆச்சு. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்கணும், அதுக்குப் பெண்கள் வேணும். குடும்பங்கள் லயத்துல நிரந்தரமாகத் தங்கினது இப்படித்தான். அப்போதிருந்து, ஒரு பெண் முழுகாம இருக்கிறது தோட்டத்துச் செக்ரோல் கணக்குலயும் வர்ற விஷயமாச்சு.

1872லயும் 1912லயும் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்குச் சட்டங்கள் வந்தன. ஆனா சட்டம் வந்த அளவுக்கு உடம்பு தேறல. 1916ல அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினது. கொக்கிப்புழுவின் குட்டிகள் ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். கடுமையான ரத்தச்சோகை உள்ள தாய்க்கு எடை குறைந்த பிள்ளை, குறைமாசப் பிரசவம், வயிற்றிலேயே பிள்ளை இறப்பது எல்லாம் கூடுதலாக நடக்கும்.

மருந்து கொடுத்தாங்க, புழு விழுந்தது. ஆனா மலசலகூடம் கட்டச் செலவாகும். அதுக்குத் தோட்ட முதலாளிகள் பலர் தயங்கினாங்க. அதே மண்ணுல அதே வெறுங்காலோட நடந்தவங்களுக்குப் புழு திரும்ப வந்துச்சு. அதுக்குச் சொல்லப்பட்ட காரணம் "கூலிகளின் பழக்கவழக்கம்". இதைப் படிச்சப்போ எங்களுக்கு அம்மாயி ஞாபகம்தான் வந்துச்சு. கக்கூஸ் கட்டாதவர் மேல வரவேண்டிய குத்தம், செருப்பில்லாதவர் கால்மேல வந்து விழுந்திருக்கு.

1939ல பிரசவ நன்மைச் சட்டம் வந்தது. 1948ல குடியுரிமை பறிபோனது. 1970களின் நடுவில் பஞ்சம். அரிசி, மாவுப் பங்கீடு சுருங்கி, தோட்டங்களில் சாவு கூடியது. அம்மாயி முழுகாம இருந்தது அந்த வருஷத்துலதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984 வரைக்கும் கிடையாது. வேலைக்குப் போகலைன்னா பேர் இல்லை, பேர் இல்லைன்னா காசு இல்லை. "போகாம இருந்திருக்கலாம்" என்று அம்மாயி சொல்ற அந்த வழி, அவங்களுக்குத் திறந்தே இருக்கல.

இதோட கட்டுரையை முடிச்சு, "எல்லாம் தோட்டத்தோட குத்தம்" என்று எழுதிடலாம்னுதான் இருந்தோம். மருத்துவப் பக்கத்தைப் படிச்சப்போ அது அவ்வளவு லேசா முடியல.

மனுஷ உயிரணுவில் 46 நிறமூர்த்தங்கள் என்று சரியாக எண்ணினதே 1956ல, சுவீடனில். 1960களில் கனடாவில் டேவிட் கார் என்பவர் கலைந்த கருக்களின் நிறமூர்த்தங்களைப் பார்த்தார். பலதில் எண்ணிக்கையே பிழையாக இருந்தது. முதல் மூணு மாசத்தில் கலைகிற கருக்களில் ஏறத்தாழ பாதிக்கு, அல்லது அதுக்கும் மேல, இந்தப் பிழைதான் காரணம் என்று இன்னைக்குத் தெரியும். பெரும்பாலும் அது முட்டை உருவாகும்போதோ கரு கூடும்போதோ நடந்து முடிஞ்சிரும். தாய்க்கு முழுகாம இருக்கிறதே தெரியாத நேரம் அது. மூணாம் மாசத்தில் கருப்பை இடுப்பெலும்புக்குள்ளதான் பத்திரமாக இருக்கும். சாதாரணமா வழுக்கி விழுறதால கரு கலையிறது அபூர்வம்.

உலகத்தில், தெரியவந்த கர்ப்பங்களில் நூத்துக்குப் பதினஞ்சு இப்படிக் கலையுதாம். ஆனாலும் 2015ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், கரு கலைந்த அனுபவம் உள்ளவர்களில் 47 சதவீதம் பேர் குற்ற உணர்ச்சி இருந்ததாகச் சொன்னாங்க. அதில் பதில் சொன்ன எல்லாரிலும் 64 சதவீதம் பேர், பாரம் தூக்கினா கரு கலையும் என்று நம்பினாங்க. கூடையே தூக்காத ஊர்லயும் அம்மாயி மாதிரி நினைக்கிறவங்க இருக்காங்க.

அதனால ரெண்டு விஷயத்தைப் பிரிச்சு வைக்கணும்னு நினைக்கிறோம். 1974ல அம்மாயி இழந்த கரு பெரும்பாலும் யார் குத்தத்தாலயும் போனதில்லை. தோட்டத்தைத் திட்டுறதுக்கு அதைச் சாட்சியாக இழுக்கத் தேவையில்லை. ஆனா ரத்தச்சோகை, பஞ்சம், முழுகாம இருக்கிறப்பவும் பாரம் சுமக்க வைச்சது, இழந்த மூணாம் நாளே மலைக்கு அனுப்பினது, இதுக்கெல்லாம் பொறுப்பானவங்க இருக்காங்க. அந்தப் பட்டியலிலும் அம்மாயி பேர் இல்லை.

போன லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ இதைச் சொன்னோம். நிறமூர்த்தத்தை விளக்குறதுக்குள்ள எங்களுக்கு வேர்த்துருச்சு. "வெத நெல்லுல சில நெல்லு உள்ளயே பதரா இருக்கும்ல அம்மாயி, அது மாதிரி. நட்டவங்க கையில ஒண்ணும் இல்ல" என்றோம். அம்மாயி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைச்சாங்க.

"அப்ப வழுக்குனதால இல்லியா?"

"பெரும்பாலும் இல்ல அம்மாயி."

"ஒங்க தாத்தா சாகுற வரைக்கும் நான் அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாங்க. கொஞ்ச நேரம் பேசல. பிறகு, அது பொம்பளப் புள்ளைன்னு தனக்குத் தோணினதாகச் சொன்னாங்க. அந்தப் பிள்ளையைப் பத்தி, குத்தத்தைச் சேர்க்காம அவங்க பேசி நாங்க கேட்டது அன்னைக்குத்தான்.

மலையகத்தில் தாலாட்டு இருக்கு, ஒப்பாரி இருக்கு. கருவிலேயே போன பிள்ளைக்கு ஒரு பாட்டை நாங்க கேட்டதில்லை. குறைஞ்சது பேச்சாவது இருக்கட்டும். உங்க அக்காவுக்கோ மதினிக்கோ இப்படி நடந்தா முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. திரும்பத் திரும்ப நடந்தா டொக்டரிடம் காரணம் கேளுங்க. அவங்ககிட்ட மட்டும் "நீ என்ன செஞ்ச?" என்று கேக்காதீங்க.