லேப்டாப் சார்ஜர்கள் ஏன் ஒன்றுக்கொன்று சேரவில்லை? ஒரு குட்டி வரலாறு

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கியவர்களுக்குத் தெரியும். மெஷின் நன்றாக இருக்கும், சார்ஜர் மட்டும் செத்துப் போயிருக்கும். கடைக்குப் போனால் "எல்லாத்துக்கும் சேரும் தம்பி" என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். சேருமா?

சார்ஜரின் அடியில் 'அவுட்புட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் உள்ள வோல்ட், லேப்டாப் கேட்கும் வோல்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். குறைந்தால்தான் வம்பு, சார்ஜர் கொதிக்கும். பிளஸ் முனை நடுவிலா வெளியிலா என்பதையும் பார்த்துவிட வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இதைக் கம்பெனிகள் எப்படிச் சிக்கலாக்கின என்பதுதான் சுவாரஸ்யம்.

ஐபிஎம் திங்க்பேட்கள் ரொம்ப காலம் 16 வோல்ட்டில் ஓடின. 2005-ல் அந்தத் தொழில் லெனோவா கைக்குப் போனது. 2006-ல் வந்த டி60 கேட்டது 20 வோல்ட். பிளக்கையும் தடிமனாக்கி 7.9 மி.மீ. ஆக்கிவிட்டார்கள். பழைய சார்ஜர் வைத்திருந்தவர்களுக்கு எரிச்சல்தான். ஆனால் என் கட்சி லெனோவா பக்கம். பழைய பிளக்கையே விட்டிருந்தால் யாராவது 20 வோல்ட்டை 16 வோல்ட் மெஷினுக்குள் ஏற்றியிருப்பார்கள். 2013-ல் செவ்வக முனைக்கு மாறியபோது அந்தச் சாக்கும் கிடையாது, வோல்ட் அதே 20தான் :) லேப்டாப் ஒல்லியாக வேண்டுமாம்!

டெல் கதை வேறு. வட்டப் பிளக்கின் நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். அதில் கரண்ட் வராது. சார்ஜருக்குள் இருக்கும் குட்டி மெமரி சிப், "நான் இத்தனை வாட்" என்று அதன் வழியாகச் சொல்லும். பதில் வராவிட்டால் லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, பிராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுமை என்னவென்றால், ஒரிஜினல் சார்ஜரிலேயே அந்த மெல்லிய ஒயர் அறுந்தாலும் இதே கதிதான். பேட்டரி போச்சு என்று நினைத்துப் புது பேட்டரி வாங்குபவர்கள் நிறைய. முதலில் வேறொரு டெல் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள், காசு மிச்சம்.

ஆப்பிள் 2006-ல் காந்த முனையோடு மேக்சேஃப் கொண்டுவந்தது. 2012-ல் அதன் வடிவத்தை மாற்றி, இரண்டையும் இணைக்க ஒரு துண்டையும் தனியாக விற்றது!

2014-ல் வந்த யுஎஸ்பி-சி தான் திருப்பம். பவர் டெலிவரி முறையில் சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டும் கொடுக்கும். பிறகு தன்னிடம் உள்ளதைப் பட்டியல் சொல்லும், லேப்டாப் கேட்டால்தான் 20 வோல்ட் வரும். 100 வாட் வரை இருந்த எல்லை 2021-ல் 240 ஆனது. 3 ஆம்பியரைத் தாண்ட கேபிளுக்குள்ளும் ஒரு சிப் வேண்டும், அதனால் போன் கேபிள் எல்லாம் போதாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் போட்ட சட்டப்படி, 2026 ஏப்ரல் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் லேப்டாப்களில் யுஎஸ்பி-சி கட்டாயம்.

பழைய லேப்டாப்புக்கு? யுஎஸ்பி-சி சார்ஜரிடம் 20 வோல்ட் கேட்டு வாங்கி, வட்டப் பிளக்கில் தரும் கேபிள்கள் கிடைக்கின்றன. வாட் போதுமானதாக இருந்தால் 19.5 வோல்ட் மெஷின்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கேபிளில் அந்த சிப் இல்லாவிட்டால் டெல்லில் பேட்டரி ஏறாது. 16 வோல்ட் திங்க்பேட் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.