உடல் இளைக்க முயன்றோரின் வரலாறு



கிளினிக்கில் எடை பார்க்கிறார்கள். "எடையைக் குறையுங்கள், சீனியை விடுங்கள்" என்று டாக்டர் சொல்கிறார். வீடு வந்ததும் சீனி டின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. முதல் வாரம் வெறும் தேத்தண்ணி. இரண்டாம் வாரம் அரைக் கரண்டி. மூன்றாம் வாரம் ஒரு கல்யாண விருந்து. அதோடு டின் பழைய இடத்துக்கே இறங்கி வந்துவிடுகிறது. நிலைக்காத உறுதிக்குப் பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம் பெரியவர்கள் உதாரணம் சொன்னார்கள். அவற்றோடு கிளினிக் வைராக்கியத்தையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படி உறுதி தளர்ந்தவரை ஊர் என்ன சொல்கிறது? "நாக்கை அடக்கத் தெரியாதவர்" என்கிறது. அவரும் அதையே நம்பி, நம்மால் ஆகாது என்று கைவிட்டுவிடுகிறார். நீரிழிவால் கண் மங்கியவர்களையும், கால்விரலை இழந்தவர்களையும் நம் தோட்டங்களில் நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே இது வெறும் அழகைப் பற்றிய பேச்சு அல்ல. நாவாசை என்பது மன உறுதி இல்லாதவரின் குற்றமா? அல்லது அதற்கு வேறு காரணங்கள் உண்டா? இதற்கு விடை தேட, நமக்கு முன்பே உடல் இளைக்க முயன்ற சிலருடைய வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் சீனியின் கதை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் முன்னோர் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராக வந்தபோது, ரப்பர் மரம் இங்கே இல்லை. அவர்கள் முதலில் இறங்கிய இடங்களுள் ஒன்று புரொவின்ஸ் வெல்லெஸ்லி, அதாவது இன்றைய செபராங் பிறை. நிபோங் திபால், பத்து காவான் வட்டாரங்களில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. நம்மவர்கள் கரும்பு வெட்டினார்கள். ஆலையில் சாறு காய்ச்சினார்கள். அங்கே விளைந்த சீனி கப்பலேறி இங்கிலாந்துக்கும் போயிற்று. ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டு அலமாரியில் பூட்டி வைக்கப்பட்ட சீனி, மலிந்து எல்லோர் மேசைக்கும் வந்தது. 1874ஆம் ஆண்டில் பிரிட்டன் சீனி மீதான இறக்குமதி வரியை அறவே நீக்கியது. ஆலைத் தொழிலாளியும் இனிப்புத் தேநீர் குடித்தார்.

அந்தக் காலத்து லண்டனில் வில்லியம் பேண்டிங் என்பவர் வாழ்ந்தார். இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுப்பது அவருடைய குடும்பத் தொழில். அரச குடும்பத்தாரின் சவ ஊர்வலங்களைக்கூட அந்தக் குடும்பத்தார்தாம் நடத்தினார்கள். 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவருடைய எடை 202 ராத்தல், அதாவது சுமார் 92 கிலோ. உயரமோ ஐந்தடி ஐந்து அங்குலம். குனிந்து காலணி வாரைக் கட்ட அவரால் முடியவில்லை. மாடிப் படியில் முன்பக்கமாக இறங்கினால் முழங்காலும் கணுக்காலும் தாங்காது என்று பின்பக்கமாக இறங்குவாராம்.

அவர் முயற்சி செய்யாதவர் அல்லர். விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஆற்றில் படகு வலித்தார். தசை வலுத்தது, கூடவே பசியும் வலுத்தது. பசித்தபடி சாப்பிட்டார், எடை ஏறியது. நீராவிக் குளியல் எடுத்தார், மருந்து குடித்தார். ஒன்றும் பலிக்கவில்லை. காது மந்தமானதால், வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். ஹார்வி பாரிஸ் நகரில் குளோட் பெர்னார்ட் என்ற அறிஞரின் விரிவுரைகளைக் கேட்டவர். கல்லீரலுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர் அந்த பெர்னார்ட். எல்லாவற்றையும் குறைக்கும்படி ஹார்வி பேண்டிங்கிடம் சொல்லவில்லை. ரொட்டி, வெண்ணெய், பால், சீனி, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விடச் சொன்னார். இறைச்சி, மீன், காய்கறி, பழம் ஆகியவற்றை ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பிடச் சொன்னார். பேண்டிங் பசியோடு படுக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டில் 46 ராத்தல், சுமார் 21 கிலோ குறைந்தார்.

அந்த மகிழ்ச்சியில் 1863ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் எழுதி, முதற் பதிப்பை இலவசமாகவே கொடுத்தார். குதிரைக்கு அவரை நல்லதல்ல. அதுபோல் தமக்கு இந்த உணவுகள் நல்லதல்ல என்று அதில் எழுதினார். அந்நூல் மிகவும் பரவியதால், உணவைக் குறைத்து உடல் இளைப்பதற்கே ஆங்கிலத்தில் அவர் பெயரிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்தது. 1878ஆம் ஆண்டில், 81ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய உணவுப் பட்டியலில் மதுவும் இருந்தது. அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. முப்பது ஆண்டுகள் பல வழிகளில் போராடித் தோற்ற மனிதர் திடீரென்று ஒரே ஆண்டில் மன உறுதி பெற்றுவிடவில்லை. மாறியது அவருடைய வழி.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1941ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை ஜப்பானியர் இந்நாட்டை ஆண்டார்கள். அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம்மவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு ஒருவருடைய உடம்பு சற்றுப் பூசினாற்போல் இருந்தால் அதுவே செல்வம். "நன்றாக உடம்பு வைத்திருக்கிறாய்" என்பது வாழ்த்து. விருந்தாளியின் தட்டில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி வைப்பது அன்பு. இந்தப் பழக்கத்தைப் பழிக்கலாகாது. அது பசியறிந்தவர்களின் பழக்கம்.

அதே போர்க்காலத்தில் அமெரிக்காவில் பசியைப் பற்றி ஒரு பெரிய சோதனை நடந்தது. போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியால் மெலிந்தவர்களுக்கு எப்படி உணவளித்து மீட்பது என்பதை அறிய வேண்டியிருந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். மனச்சாட்சியின்படி ஆயுதம் ஏந்த மறுத்து, வேறு வகையில் மக்களுக்குத் தொண்டு செய்ய முன்வந்தவர்கள் அவர்கள். கொள்கைக்காக நாட்டையே எதிர்த்து நின்றவர்களிடம் மன உறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

1945ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை 24 வாரம் அவர்களுக்குப் பாதி உணவே கொடுத்தார்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போன்றவையே இரண்டு வேளைச் சாப்பாடு. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். எடையில் கால் பங்கு போயிற்று. ஆனால் உடம்பைவிட மனத்தில் நேர்ந்த மாற்றந்தான் வியப்பானது. இரவும் பகலும் அவர்களுக்குச் சாப்பாட்டு நினைவே. சிலர் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். சிலர் தட்டை நக்கினார்கள். உணவில் தண்ணீர் கலந்து அளவைப் பெருக்கினார்கள். ஓயாமல் சூயிங்கம் மென்றார்கள். சிரித்துப் பேசியவர்கள் சிடுசிடுத்தார்கள். ஒருவர் கட்டுப்பாட்டை மீறி வெளியே சாப்பிட்டுவிட்ட பிறகு, துணையின்றி யாரும் வெளியே போகக்கூடாது என்று விதி செய்தார்கள். சோதனை முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்தபோது, வயிறு நிறைந்தும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. இழந்த எடையோடு கூடுதலாகவும் ஏறிற்று.

ஏன் அப்படி? அதன் காரணம் பல்லாண்டு கழித்தே தெளிவாயிற்று. 1994ஆம் ஆண்டில் லெப்டின் என்ற சுரப்புநீரைக் கண்டறிந்தார்கள். உடலிலுள்ள கொழுப்பிலிருந்து அது சுரந்து, "போதும்" என்று மூளைக்குச் செய்தி சொல்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும், பசி கூடும். 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் கிரெலின் என்ற இன்னொன்றைக் கண்டார்கள். அது இரைப்பையிலிருந்து சுரந்து பசியைத் தூண்டுவது. பஞ்சத்தில் நம்மைக் காப்பாற்றுவதற்காகவே இயற்கை இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. ஒருவர் ஒரே வாரத்தில் இளைக்க நினைத்துப் பட்டினி கிடந்தால், உடம்பு அதையும் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பட்டினி கிடப்பவர் நாவாசையை அடக்கவில்லை. தாமே அதை வளர்க்கிறார்.

மூன்றாவது வரலாறு ஒரு குடும்பப் பெண்ணுடையது. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் ஜீன் நைடெச் என்ற இல்லத்தரசி இருந்தார். 1961ஆம் ஆண்டில் அவருடைய எடை 214 ராத்தல், சுமார் 97 கிலோ. ஒரு நாள் கடையில் பார்த்த தெரிந்த பெண் ஒருவர், "குழந்தை எப்போது பிறக்கப் போகிறது?" என்று கேட்டுவிட்டார். அவர் கர்ப்பமாக இல்லை. மனம் நொந்து, நகரச் சுகாதாரத் துறையின் கிளினிக்குக்குப் போனார். அங்கே கொடுத்த உணவு முறையால் பத்து வாரத்தில் 20 ராத்தல் குறைந்தது. ஆனாலும் இனிப்பு பிஸ்கட் மீதிருந்த ஆசை போகவில்லை. குளியலறையில் அழுக்குத்துணிக் கூடைக்குள் பிஸ்கட்டை ஒளித்து வைத்துத் தின்றார்.

அவர் பிறகு செய்ததுதான் வரலாறு. தம்மைப் போலவே பருத்திருந்த ஆறு தோழியரை வீட்டுக்கு அழைத்தார். ஒளித்து வைத்துத் தின்றதை அவர்களிடம் சொன்னார். கேட்டவர்கள் சிரிக்கவில்லை, தாங்களும் எங்கெங்கே ஒளித்து வைக்கிறோம் என்று சொல்லத் தொடங்கினார்கள். வாரந்தோறும் கூடினார்கள். இரண்டு மாதத்துக்குள் அறுவர் நாற்பது பேரானார்கள். 1962ஆம் ஆண்டு அக்டோபருக்குள் ஜீனின் எடை 142 ராத்தலாக, அதாவது சுமார் 64 கிலோவாக இறங்கியது. 1963ஆம் ஆண்டில் அந்தக் கூட்டம் வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. பின்னர் அது பெரிய வாணிகமும் ஆயிற்று. ஜீன் 2015ஆம் ஆண்டில், 91ஆம் வயதில் மறைந்தார். கிளினிக்கில் கிடைத்த உணவுப் பட்டியல் முன்பும் பின்பும் ஒன்றே. புதிதாக வந்தது துணை.

இப்போது நம் நாட்டைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினருக்கு எடை மிகுதி அல்லது உடல் பருமன் இருந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி, இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. நீரிழிவு நம் இந்திய சமூகத்தில் மற்றவர்களைவிட அதிகம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மலைமேட்டில் நானூறு ஐந்நூறு மரம் சீவி, பால் வாளி சுமந்த உடம்புக்கு டின் பால் கலந்த தேத்தண்ணி எரிபொருளாக இருந்தது. அந்த வேலை போய், உட்கார்ந்தும் நின்றும் செய்யும் வேலை வந்துவிட்டது. தேத்தண்ணி மட்டும் மாறவில்லை. இதில் யாருடைய நாக்கையும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே நாம் செய்யத்தக்கவை இவை. பட்டினி கிடக்க வேண்டாம். மூன்று வேளையும் பசியாறுவோம். தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரையையும் காய்கறியையும் கூட்டுவோம். மூன்று கரண்டி சீனி போடுபவர் முதலில் இரண்டாக்கி, சில வாரம் கழித்து ஒன்றாக்கட்டும். நாக்கும் மெல்லப் பழகிக்கொள்ளும். முறுக்கும் பிஸ்கட்டும் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் ஆசை நாளெல்லாம் கூப்பிடும். வீட்டுக்குள் வராத பண்டத்தோடு போராட வேண்டியதில்லை. ஒரு நாள் விருந்தில் தவறிவிட்டால், எல்லாம் போயிற்று என்று விட்டுவிடாமல் அடுத்த வேளையே பழைய முறைக்குத் திரும்புவோம். நீரிழிவு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்ட பிறகே சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மயக்கம் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக முயல வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காள், எதிர்வீட்டு அண்ணி என்று மூன்று பேர் சேர்ந்தாலே போதும். மாலையில் சேர்ந்து நடக்கலாம். வாரம் ஒரு முறை சேர்ந்து எடை பார்க்கலாம். ஆசைப்பட்டுத் தின்றதை வெட்கமின்றிச் சொல்லலாம். வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அம்மாவுக்கு ஒரு சாப்பாடு, நமக்கு ஒரு சாப்பாடு என்று பிரிக்காமல் ஒரே உணவை எல்லோரும் உண்பது. தீபாவளிக்கு வருகிறவர் "போதும்" என்றால், முகம் வாடாமல் "சரி" என்று தட்டை எடுத்துக்கொள்வது. பசித்த காலத்தில் இன்னொரு கரண்டி வைத்தது அன்பு. இந்தக் காலத்தில் வற்புறுத்தாமல் இருப்பதும் அன்புதான்.

 வணக்கம்.